ஒரு கரண்டி வெந்தயத்தின் கணக்கு

கி.பி. 67-ஆம் ஆண்டு. கலிலேயாவின் யோதபாத்தா மலைக்கோட்டையை ரோமானியப் படை முற்றுகையிட்டிருந்தது. கோட்டைக்குள் இருந்த யூதர்களுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் வரலாற்றாசிரியராகப் பெயர்பெற்ற ஜோசபஸ். கொதிக்கும் எண்ணெயை ஊற்றியும் படை ஓயவில்லை. அப்போது வெந்தயத்தை வேகவைத்து, எதிரிகள் ஏறிவரும் பலகைகளின்மேல் கொட்டச் செய்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். ஏறிவந்த வீரர்கள் கால் ஊன்ற முடியாமல் வழுக்கி விழுந்தார்கள்.

இரவில் வெந்தயத்தை ஊறப்போட்டுக் காலையில் அரைத்த எவருக்கும் இது வியப்பாக இருக்காது. கையில் ஒட்டி நூல்போல் இழுபடும் அந்தக் கொழகொழப்பு நம் வீடுகளில் தினமும் காண்பது. தோசை மெத்தென்று வருவதற்கும், தலையில் தேய்த்தால் முடி வழுவழுவென்று ஆவதற்கும் அதுவே காரணம். சாப்பிட்டபின் இரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென ஏறாமல் தடுப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. உடன் விழுங்கிய மாத்திரை உடலில் சேரத் தாமதமாவதற்கும் அதே கொழகொழப்பு காரணமாகலாம்.

வெந்தயத்தைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு விதமாகவே நடக்கிறது. 'சர்க்கரை நோயா, வெந்தயம் போதும்' என்பவர்கள் ஒரு பக்கம். 'அதெல்லாம் பாட்டி வைத்தியம்' என்று ஒதுக்குபவர்கள் மறுபக்கம். கிடைத்திருக்கும் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை என்று தெரிகிறது. வெந்தயத்துக்கு மருத்துவ குணம் உண்டு. அந்தக் குணம் உண்மை என்பதால்தான் அதற்கு அபாயமும் உண்டு. எந்த இயல்பு நன்மை தருகிறதோ அந்த இயல்பிலிருந்தே தீமையும் பிறக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, எந்த அளவு, எந்த வடிவம், யாருக்கு என்ற மூன்று கேள்விகளையும் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவனமாக இருந்த பயிர்

வெந்தயத்தின் தாவரவியல் பெயர் டிரைகோனெல்லா ஃபோனம் கிரேக்கம். பின்னிரண்டு சொற்களுக்கும் இலத்தீனில் 'கிரேக்க வைக்கோல்' என்று பொருள். பழைய ரோமானியர்களுக்கு இது முதன்மையாக மாட்டுத் தீவனம். வேளாண்மை பற்றி எழுதிய கேட்டோ இதைத் தீவனப் பயிர்களோடு சேர்த்துச் சொல்கிறார். பயிராக இதன் வயது அதைவிடப் பெரியது. ஈராக்கின் டெல் ஹலால் என்ற தொல்லிடத்தில் கிடைத்த கருகிய வெந்தய விதைகள் ஏறத்தாழ கி.மு. 4000-ஐச் சேர்ந்தவை. எகிப்தின் துட்டன்காமன் கல்லறையிலும் வெந்தயம் இருந்தது.

இன்றும் வெந்தயத்தைத் தாளிப்புப் பொருளாக மட்டும் பார்க்காத நாடுகள் பல. ஏமனில் அதை ஊறவைத்து அரைத்து, நுரை பொங்க அடித்து, 'ஹில்பே' என்று சாப்பாட்டின் மேல் ஊற்றிக்கொள்கிறார்கள். எகிப்தில் 'ஹெல்பா' என்ற பெயரில் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். அங்கே கிராமங்களில் சோள மாவோடு வெந்தய மாவையும் சேர்த்து ரொட்டி சுடும் வழக்கம் உண்டு. எத்தியோப்பியாவில் இதற்கு 'அபிஷ்' என்று பெயர்.

உலகில் அதிகமாக வெந்தயம் விளைவிப்பது இந்தியா. இராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகியவை முக்கிய விளைநிலங்கள். தமிழ்நாட்டில் சாம்பார் பொடியிலும், வற்றல் குழம்பிலும், இட்லி மாவிலும், ஊறுகாயிலும் வெந்தயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சொதியும் வெந்தயம் இல்லாமல் மணக்காது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிக் கொடுக்கும் வெந்தயக் களி, சூட்டு வயிற்றுவலிக்கு மோரில் போட்டு விழுங்கும் ஒரு கரண்டி வெந்தயம் என்று அது மருந்துக்கும் உணவுக்கும் நடுவிலேயே இருந்துவந்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு வேளை, ஒரு நாள், ஒரு பருவம் என்ற அளவில் நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் தினமும் வெந்தயம் எடுப்பது சர்க்கரை நோயோடு சேர்ந்து பரவிய பழக்கம்.

விதைக்குள் என்ன இருக்கிறது?

வெந்தயம் ஒரு பயறு. அவரை, கடலை, உளுந்து இருக்கும் அதே குடும்பம். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் பக்கத்தில் இருப்பதால் இதை நாம் மறந்துவிடுகிறோம். பயறு என்பதால்தான் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போவதற்கும் அதுவே காரணம்.

விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி நார்ச்சத்து. அதில் கணிசமான பகுதி நீரில் ஊறிக் கூழாகும் காலக்டோமன்னன் என்ற பசை. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கப் பயன்படும் கொத்தவரைப் பசையும் இதே இனம்தான். வெந்தயப் பசை இரைப்பையில் கூழாகிவிட்டால் உணவு குடலுக்குள் மெதுவாக இறங்குகிறது. இறங்கிய மாவுப்பொருளும் அந்தக் கூழுக்குள் சிக்கி மெதுவாகவே செரிக்கிறது.

இரண்டாவது பொருள் 4-ஹைட்ராக்சி ஐசோலியூசின். புரதத்தோடு சேராமல் விதையில் தனித்திருக்கும் அமினோ அமிலங்களில் மிகப் பெரும் பங்கு இதுதான். இது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது என்று 1990-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டார்கள். சர்க்கரை உயர்ந்திருக்கும்போதுதான் இந்தத் தூண்டுதல் வலுவாக இருந்தது.

மூன்றாவது டிரைகோனெல்லின். பெயரே இச்செடியிலிருந்து வந்தது. காப்பிக்கொட்டையிலும் இருக்கும் இது, வறுபடும்போது ஒரு பகுதி நியாசின் என்ற வைட்டமினாக மாறுகிறது.

நான்காவது டயோஸ்ஜெனின். இதைச் சுற்றி ஒரு தவறான நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. 1940-களில் அமெரிக்க வேதியியலாளர் ரசல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனினைப் பிரித்து, அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தயாரித்தார். வெந்தயத்திலும் டயோஸ்ஜெனின் இருக்கிறது, ஆகவே வெந்தயம் உண்டால் உடலில் ஹார்மோன் ஊறும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. மார்க்கர் செய்த மாற்றம் ஆய்வகக் குடுவையில் நடந்தது. அதைச் செய்யும் நொதிகள் மனித உடலில் இல்லை.

ஐந்தாவது சோட்டலோன். வெந்தயத்துக்கு மணம் தரும் இந்தப் பொருள் மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் பாகு போன்ற இனிய மணம் வீசி, மக்கள் நகர நிர்வாகத்துக்கு அழைத்துப் புகார் செய்தார்கள். ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் வாசனைப்பொருள் ஆலையே காரணம் என்று 2009-இல்தான் கண்டுபிடித்தார்கள். உண்டவரின் வியர்வையிலும் சிறுநீரிலும் இந்த மணம் வெளியேறும். இது எங்கே சிக்கலாகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சர்க்கரை நோய்: ஆய்வுகள் காட்டுவது

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இந்த நிலையில், மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு விதை உண்மையில் உதவுமா என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

இதற்கு முதலில் ஒழுங்காக விடை தேடியது ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1990-இல் ஆர். டி. சர்மாவும் உடன் ஆய்வாளர்களும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகை நோயாளிகளுக்கு, கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் பத்து நாட்கள் கொடுத்தார்கள். மதிய உணவிலும் இரவு உணவிலும் பாதிப்பாதி கலந்தார்கள். சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. விரதச் சர்க்கரையும், கெட்ட கொழுப்பும், முக்கிளிசரைடும் குறைந்தன. நல்ல கொழுப்பு அப்படியே இருந்தது. அதே குழு 1996-இல் இரண்டாம் வகை நோயாளிகள் 60 பேரை 24 வாரம் தொடர்ந்து பார்த்தது. அங்கே அளவு நாளுக்கு 25 கிராம். பலன் அங்கும் தெரிந்தது.

2015-இல் வெளியான இன்னோர் இந்திய ஆய்வு சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 140 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஒரு குழுவினர் உணவுக்கு முன் ஐந்து கிராம் வீதம் நாளுக்கு இருமுறை வெந்தயப் பொடி எடுத்தார்கள். எடுக்காதவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆயினும் மூன்று ஆண்டுகள் என்பது மூலிகை ஆய்வுகளில் அரிதான பொறுமை.

தனித்தனி ஆய்வுகளை நம்பி முடிவு செய்வது தவறு என்பதால் அவற்றைத் தொகுத்துக் கணக்கிடுவார்கள். 2014-இல் வந்த அத்தகைய தொகுப்பு பத்து ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. சராசரியாக விரதச் சர்க்கரை ஏறத்தாழ 17 மில்லிகிராமும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை ஏறத்தாழ 39 மில்லிகிராமும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.85 புள்ளியும் குறைந்திருந்தன. சாப்பிட்ட பிறகான சர்க்கரையில்தான் குறைவு பெரிது. பசையின் வேலை உணவோடு நடப்பது என்பதற்கு இது பொருந்திவரும் சான்று. நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறையாத ஆய்வுகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

0.85 புள்ளி என்பது சிறிய எண் அல்ல. வாய்வழி மாத்திரைகள் சிலவற்றின் பலனுக்கு அது அருகில் வருகிறது. ஆனாலும் இந்த ஆய்வுகளில் பல சிறியவை. எவருக்கு வெந்தயம், எவருக்குப் போலி மருந்து என்பதை மறைத்துவைப்பது கசப்பும் மணமும் உள்ள பொருளில் எளிதல்ல. மற்ற மாத்திரைகளோடு வெந்தயமும் கொடுக்கப்பட்டவை பல. ஆகவே 'வெந்தயம் உதவுகிறது' என்று துணிந்து சொல்லலாம். 'மாத்திரைக்குப் பதிலாக வெந்தயம்' என்று சொல்ல இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை. 1990-ஆம் ஆண்டு ஆய்வில் கலந்துகொண்டவர்களும் இன்சுலினை விட்டுவிட்டு வெந்தயம் உண்டவர்கள் அல்லர்.

ஊறிய நீரும் கேப்சூலும்

இனி நம் வீட்டுப் பழக்கத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறத்தாழ நான்கு கிராம். மூன்று ஆண்டு ஆய்வின் பத்து கிராம் என்பது இரண்டரைக் கரண்டி. இருபத்தைந்து கிராம் என்றால் ஆறு ஏழு கரண்டி. பலரும் செய்வது, ஒரு கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறப்போட்டு, காலையில் வெறும் வயிற்றில் நீரை மட்டும் குடித்து, விதையைக் கொட்டிவிடுவது. நீரில் கரைபவை சில உண்டு. நார்ச்சத்தின் பெரும்பங்கு விதையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. சோறோ இட்லியோ வயிற்றுக்குள் போவது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. மெதுவாக்க வேண்டிய உணவு வரும்போது மெதுவாக்கும் பசை அங்கே போதுமான அளவு இல்லை.

முழு விதையை மென்று தின்னாமல் அப்படியே விழுங்குவதும் பயன் குறைந்தது. தோல் உடையாத விதை செரிக்காமலே வெளியேறிவிடும். ஆய்வுகளில் பலன் கொடுத்தது பெரும்பாலும் பொடி. அதுவும் உணவோடு அல்லது உணவுக்குச் சற்று முன். ஈரானில் நடந்த ஒரு சிறு ஆய்வில் வெந்நீரில் ஊறவைத்து உண்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. தயிரில் கலந்து உண்டவர்களுக்குக் குறையவில்லை. எதோடு சேர்த்து உண்கிறோம் என்பதும் கணக்கில் வரும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

இன்னொரு எல்லையில் இருப்பது கேப்சூல். 2001-இல் ஜெய்ப்பூரில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 25 பேரில் நடந்த ஆய்வில், வெந்தயச் சாரத்தை நாளுக்கு ஒரு கிராம் வீதம் இரண்டு மாதம் கொடுத்தார்கள். இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு குறைந்தது. ஆனால் இரத்தச் சர்க்கரையின் அளவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நார்ச்சத்தைக் கழித்துவிட்டு எடுத்த சாரம் முழு விதையின் வேலையைச் செய்துவிடும் என்று நம்ப முடியாது. முழு விதையில் நடந்த ஆய்வின் எண்ணைக் கேப்சூல் டப்பாவின்மேல் அச்சிட்டு விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

தாய்ப்பாலும் மாதவிடாய் வலியும்

பால் ஊற வெந்தயம் கொடுப்பது இந்தியா, எகிப்து, துருக்கி என்று பல நாடுகளில் உள்ள வழக்கம். 2011-இல் வெளியான துருக்கி ஆய்வு ஒன்றில் 66 தாய்மார்களும் குழந்தைகளும் இருந்தார்கள். மூன்றாம் நாளில் வெந்தயத் தேநீர் குடித்த தாய்மார்களின் பால் சராசரியாக 73 மில்லி. ஆப்பிள் தேநீர் குடித்தவர்களுக்கு 39, எதுவும் குடிக்காதவர்களுக்கு 31. குழந்தைகளும் பிறந்த எடையை விரைவில் எட்டின. நம்பிக்கை தரும் எண்கள். ஆனால் அந்தத் தேநீரில் வெந்தயத்தோடு வேறு மூலிகைகளும் இருந்தன. தாய்க்குத் தாய் வேறுபாடும் மிக அதிகம்.

2020-இல் கோக்ரேன் அமைப்பு, பால் சுரப்பைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் மருந்துகளையும் மூலிகைகளையும் பற்றிய 41 ஆய்வுகளை, 3,005 தாய்மார்களின் தரவோடு அலசியது. மூலிகைகள் பாலைக் கூட்டக்கூடும், ஆனால் சான்று மிகவும் உறுதியற்றது என்பதே அதன் முடிவு. பால் குறைவு என்று வரும் தாய்க்கு முதலில் பார்க்க வேண்டியது குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா, எத்தனை முறை குடிக்கிறது, தாய் போதுமான அளவு உண்கிறாளா, தூங்குகிறாளா என்பவை. இவற்றை விட்டுவிட்டு, பிள்ளை பெற்றவள் கையில் கேப்சூல் டப்பாவைக் கொடுப்பது அவளுடைய களைப்புக்கு யாரும் பொறுப்பேற்காமல் நழுவுவது.

மாதவிடாய் வலிக்கு ஈரானில் 101 மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. முதல் மூன்று நாட்களுக்கு 900 மில்லிகிராம் விதைப்பொடியை நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். போலி மருந்து எடுத்தவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. இங்கே அளவு சிறியது, காலமும் குறுகியது. நம் வெந்தயக் களி வழக்கத்துக்கு ஓரளவு துணை நிற்கும் ஆய்வு இது.

ஆண்மைக்கு, உடற்கட்டுக்கு, முடி வளர்ச்சிக்கு என்று விற்கப்படுபவற்றுக்குச் சான்று மெலிவு. முடியின்மேல் பசை படிந்து அது வழுவழுப்பாவது உண்மை. அதனால் புது முடி முளைக்கும் என்பது வேறு கூற்று. ஐரோப்பிய மருந்துகள் முகமை வெந்தய விதைக்கு ஏற்றுக்கொண்டிருப்பவை இரண்டே: தற்காலிகப் பசியின்மை, தோலில் ஏற்படும் சிறு அழற்சிக்கு மேற்பூச்சு. அதுவும் நீண்டகால வழக்கத்தின் அடிப்படையில்தான்.

நன்மையின் மறுபுறம்

முதல் அபாயம் சர்க்கரை மிகக் குறைவது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் யாரிடமும் சொல்லாமல் வெந்தயப் பொடியையும் தொடங்கினால் இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். தனியாக வாழும் முதியவருக்கு இரவில் இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. வெந்தயத்தால் அளவு சற்றுக் குறைந்ததைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறார்கள். சில மாதங்களில் சர்க்கரை பழைய நிலையைத் தாண்டிப் போயிருக்கும். வலியில்லாத நோய் என்பதால் சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிறகே தெரியவரும்.

இரண்டாவது, மாத்திரையோடு மோதுவது. வெந்தயப் பசை உணவின் சர்க்கரையைத் தாமதப்படுத்துவது போலவே மாத்திரையையும் தாமதப்படுத்தக்கூடும். இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. வெந்தயமும் போல்டோ என்ற மூலிகையும் சேர்த்து எடுத்த ஒரு நோயாளிக்கு இரத்தம் உறையும் நேரம் நீண்டுபோனதும், அவற்றை நிறுத்தியதும் சரியானதும் 2001-இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. ஒரே ஒருவரின் கதைதான். இந்த மருந்தில் தவறுக்கு இடம் மிகக் குறைவு என்பதால் அந்த ஒன்றும் பொருட்படுத்தத் தக்கது. எலியிலும் சுண்டெலியிலும் வெந்தயச் சாரம் தைராய்டு ஹார்மோன்களில் ஒன்றைக் குறைத்ததாக ஆய்வு உண்டு. மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கூற முடியாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர் அதையும் வெந்தயத்தையும் ஒன்றாக வெறும் வயிற்றில் எடுக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, கர்ப்பகாலம். பல நாடுகளின் நாட்டு மருத்துவத்தில் பிரசவ வலியைத் தூண்ட வெந்தயம் கொடுத்திருக்கிறார்கள். கருப்பையைத் தூண்டும் என்ற அந்த நம்பிக்கையே கருவுற்றிருப்பவரை எச்சரிக்கப் போதுமானது. மொராக்கோ ஆய்வாளர்கள் அதிக அளவு சாரம் கொடுத்த சுண்டெலிகளில் கருவுக்குத் தீங்கு கண்டார்கள். ஐரோப்பிய மருந்துகள் முகமை கர்ப்பகாலத்தில் மருந்தளவில் இதைப் பரிந்துரைக்கவில்லை. குழம்பில் தாளிக்கும் அரைக் கரண்டி இதில் சேராது. கரண்டி கரண்டியாகப் பொடியும் கேப்சூலும்தான் சேரும். கர்ப்பத்தில் வரும் சர்க்கரைக்கு வெந்தயப் பொடியைத் தாமாகவே தொடங்குபவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

நான்காவது, அந்த மணம். பிறவியிலேயே சில அமினோ அமிலங்களை உடைக்க முடியாத அரிய நோய் ஒன்று உண்டு. அந்த நோயுள்ள குழந்தையின் சிறுநீர் மேப்பிள் பாகு போல மணக்கும், உடனே சிகிச்சை தொடங்காவிட்டால் மூளை பாதிக்கப்படும். பிரசவ வேளையில் தாய் வெந்தயம் உண்டதால் பிறந்த குழந்தையிடம் அதே மணம் வீசி, மருத்துவர்கள் அந்த நோயோ என்று அஞ்சிய நிகழ்ச்சி 2001-இல் பதிவாகியிருக்கிறது. சோதித்தபோது கிடைத்தது சோட்டலோன்தான். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோர் அந்த மணி நேரங்களில் பட்ட பாடு சிறிதல்ல. தாய் தான் உண்டதைச் சொன்னால் மருத்துவருக்கு வழி எளிதாகும்.

ஐந்தாவது, ஒவ்வாமை. இந்திய மருத்துவர்கள் 1997-இல் இரண்டு பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வெந்தயப் பொடியை முகர்ந்ததில் மூக்கொழுகி, மூச்சிரைத்து, மயக்கம் வந்தது. இன்னொருவருக்குப் பொடுகுக்காகத் தலையில் வெந்தய விழுது பூசியதும் தலை மரத்து, முகம் வீங்கி, மூச்சிரைத்தது. நார்வேயில் வேர்க்கடலை ஒவ்வாதவர்களிடம் வெந்தயத்துக்கும் ஒவ்வாமை இருப்பதைப் பின்னர் கண்டார்கள். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்கள் வெந்தயத்தை மருந்தாகத் தொடங்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். தலையில் பூசும் விழுதும் இதில் அடங்கும்.

வயிற்றுப்போக்கு, உப்புசம், வாயு ஆகியவை பலருக்கும் வரும் சிறு தொல்லைகள். திடீரென அதிக நார் உள்ளே போனால் குடல் அப்படித்தான் எதிர்வினை காட்டும். உலர்ந்த பொடியை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குவது நல்லதல்ல. நீரை உறிஞ்சி ஊதும் பொருள் தொண்டையிலேயே ஊதிக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

முளைகட்டியது: 2011-இன் பாடம்

2011 மே மாதம் வட ஜெர்மனியில் மக்கள் இரத்த வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நல்ல உடல்நலத்தோடு இருந்த பெண்கள். ஈ.கோலை ஓ104 என்ற பாக்டீரியா வகை காரணம் என்று தெரிந்தது. அது எந்த உணவில் வந்தது என்று தெரியவில்லை. முதலில் ஸ்பெயினின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. அந்த நாட்டு விவசாயிகள் செய்யாத தவறுக்காக விளைச்சலைக் குப்பையில் கொட்டினார்கள்.

பிறகு தடம் லோவர் சாக்சனி மாநிலத்தில் முளைப்பயறு வளர்க்கும் ஒரு பண்ணைக்குப் போயிற்று. ஜூனில் பிரான்சின் போர்தோ அருகே ஒரு விழாவில் முளைப்பயறு தின்றவர்களுக்கும் அதே நோய் வந்தது. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து இறக்குமதியான ஒரே தொகுதி வெந்தய விதை. விதைகளைச் சோதித்தபோது கிருமி நேரடியாகக் கிடைக்கவில்லை. கொள்முதல் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அந்த முடிவுக்கு வந்தது. அதற்குள் ஜெர்மனியில் மட்டும் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள்.

இதில் வெந்தயத்தின் வேதிப்பொருள் எதற்கும் குற்றமில்லை. முளைகட்டும் முறையில்தான் சிக்கல். விதையின் மேல் ஒட்டிய சில கிருமிகள் கதகதப்பும் ஈரமும் கிடைத்தால் இரண்டு நாளில் கோடிக்கணக்காகப் பெருகிவிடும். விதைக்குத் தேவையான சூழலே கிருமிக்கும் தேவையான சூழல். முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகத் தின்பது சத்து என்று இப்போது வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. ஆவியில் வேகவைத்தோ வதக்கியோ தின்றால் இந்த அபாயம் போய்விடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைத் தவிர்ப்பதே சரி.

வீட்டுக்கான கணக்கு

சமையலில் வழக்கமாகச் சேரும் வெந்தயத்தைப் பற்றி ஒவ்வாமை இல்லாத எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. தோசை மாவிலோ குழம்பிலோ இருக்கும் அளவு பல தலைமுறைகள் உண்டுவந்த உணவு.

சர்க்கரைக்காக எடுக்க விரும்புபவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அரைக் கரண்டியில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்வதைப் பார்த்து, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டலாம். சப்பாத்தி மாவிலும், அடை மாவிலும், களியாகவும் உணவோடு சேர்ப்பது பசையின் இயல்புக்கு ஏற்ற வழி. ஊறவைத்துத்தான் பழக்கம் என்றால் விதையையும் மென்று தின்ன வேண்டும். தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டிலேயே சர்க்கரையைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். அளவு இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது மருத்துவரின் வேலை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மருந்தளவு வெந்தயத்தை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறு இருக்கும்போது மேலே தூவும் ஒரு கரண்டி பொடியால் ஆவது கொஞ்சம். சோற்றைக் குறைத்து, பயறும் காயும் கூட்டி, தினமும் நடந்து, அதோடு வெந்தயமும் சேர்ந்தால் அது தன் பங்கைச் செய்யும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெந்தயம் அவர்கள் கணக்கில் மளிகைச் சாமான். 'காலையில் எழுந்ததும் என்ன குடிக்கிறீர்கள், என்ன பொடி சேர்க்கிறீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரும். 'அதெல்லாம் எதற்கு' என்று ஒருமுறை அதட்டிவிட்டால் அடுத்த முறை அவர் மறைத்துவிடுவார்.

நோயாளிகளும் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, அதன் கடைசியில் தங்கள் கைப்பட ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: 'வெந்தயம், இரண்டு கரண்டி, காலை உணவோடு.' மற்ற மருந்துகளுக்கு இருப்பது போல அதற்கும் ஓர் அளவும் ஒரு வேளையும் எழுதப்பட்டுவிட்டால், அதன் நன்மையை எதிர்பார்க்கவும் தீமையைக் கண்டுகொள்ளவும் இருவருக்கும் வழி கிடைக்கும்.